எக்ஸிட் அண்ணன்

எக்ஸிட் அண்ணன் டீக்கடையை விட்டுக் கிளம்புவதை கொடைக்கானல் மலையிலுள்ள வில்பட்டியில் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். நம்மைப் போல் கிளாஸை வைத்துவிட்டு, "எழுதிக்கங்க" என்று நடையைக் கட்டுகிற ஆள் இல்லை அவர். கடன் நோட்டைக் கேட்டு வாங்குவார். தன் பக்கத்தைப் புரட்டி, டீ ரெண்டு, பன் ஒன்று, நேற்றைய வடை என்று விரல் வைத்துக் கூட்டுவார். காசைக் கொடுத்ததும் அந்த வரிகளின்மேல் கடைக்காரர் கையாலேயே குறுக்குக்கோடு போடச் செய்து, பக்கத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். "பாக்கி இல்லைன்னு வாயால சொன்னா ஆகாதுண்ணே, பேப்பர்ல இருக்கணும்." ஐம்பது ரூபாய்க்கு இத்தனை சடங்கு. பின்னால் நிற்பவர்களின் டீ ஆறிப்போகும்.

ஊருக்கு ஒரு ஜோசியர் போல, ஆள் வெளிநாடு போகிற ஊருக்கெல்லாம் இப்படி ஒருவர் உண்டு. எப்படிப் போவது என்று சொல்ல ஆயிரம் பேர் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிக் கிளம்பி வருவது என்று சொல்லத்தான் நாதியில்லை. அந்தக் காலி இடத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்தவர் எங்கள் அண்ணன்.

அவர் பார்த்தது ஏசி டக்ட் மாட்டுகிற வேலை. ரெண்டு தவணையாக ஒன்பது வருஷம் ஷார்ஜா. அதற்கு முன்னும் பின்னும் கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. "நம்ம ஊர்ல பேப்பரைச் சரியா வாங்கி வெச்சது பூண்டு ஒண்ணுதான்" என்பார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைச் சொல்கிறார்.

குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் எல்லோருக்கும் பொது. அண்ணனுக்கு மட்டும் கூடுதலாக அக்குளில் ஜிப் வைத்த ஒரு ஃபைல். மலையில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதற்கு மேல் ரெண்டு பிளாஸ்டிக் உறை. விதைப்பூண்டுக்குக்கூட அந்தப் பாதுகாப்பு கிடையாது. உள்ளே மூலை வெட்டின பழைய பாஸ்போர்ட், விசா கேன்சல் ஆன தாள், கம்பெனி கணக்குத் தீர்த்த தாள், பேங்க் கணக்கை மூடின கடிதம், சிம் கார்டை ஒப்படைத்த ரசீது. அங்கத்திய அடையாள அட்டையை மட்டும் கேன்சலின்போது திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் நகல் லேமினேட் ஆகிச் சட்டைப்பையில் இருக்கிறது. இ.சி.ஆர். என்றால் சென்னைக்காரருக்குக் கடற்கரைச் சாலை. அண்ணனுக்கு, பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் விழுகிற முத்திரை. 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்த முத்திரைக்காரர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும். "போறதுக்கு ஒரு முத்திரை, வர்றதுக்கு ஒம்போது கையெழுத்து" என்பது அவர் திருக்குறள்.

கல்யாண வீட்டிலும் இதே முறைதான். சாப்பிட்டு முடித்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மொய் நோட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் தான் கிளம்புவார். கேட்டால், "ஃபேமிலி விசாவை முதல்ல கேன்சல் பண்ணணும், அப்புறம்தான் ஸ்பான்சர் விசா. வரிசை மாறினா சிக்கல்" என்பார். அண்ணி எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் பெயர் மலை தாண்டிப் பரவியிருப்பதால் போன் ஓயாது. போன மாதம் ஒரு நாள் காலை, நாங்கள் எல்லோரும் பெஞ்சில் இருக்கும்போதே துபாயிலிருந்து ஒரு பையன் வாட்ஸப்பில் வந்தான். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். வைத்தியம் ஊருக்கே தெரியட்டும் என்ற நல்லெண்ணம்.

"அண்ணே, வேலையை விட்டுறலாம்னு இருக்கேன். லீவுன்னு சொல்லி வந்துடுறேன். திரும்பப் போகாம இருந்துட்டா முடிஞ்சுதுல்ல?"

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "டேய், அதுக்குப் பேரு வேலையை விடுறது இல்ல, ஓடிப்போறது. ஆளைக் காணோம்னு கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்துட்டான்னா பேரு அங்க கறுப்பா நின்னுரும். சவூதியில ஹுரூப்ம்பான், துபாயில அப்ஸ்காண்டிங்ம்பான். ரெண்டுக்கும் தமிழ் ஒண்ணுதான், வம்பு."

பிறகு விரல் மடக்கத் தொடங்கினார். முதல் விரல் நோட்டீஸ். 2022 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டப்படி முப்பது நாளுக்குக் குறையாமல், தொண்ணூறுக்கு மிகாமல் ஒப்பந்தத்தில் எத்தனை போட்டிருக்கிறதோ அத்தனை நாள் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும். ரெண்டாவது, பேங்க் கடன், கிரெடிட் கார்டு. மூணாவது கிராஜுவிட்டி.

"நாலு வருஷம் ஆச்சுண்ணே. சம்பளம் ரெண்டாயிரம் திர்ஹாம். வருஷத்துக்கு 21 நாள் கணக்கு. அஞ்சாயிரத்து அறுநூறு வரும்ல?"

"பேசிக் எவ்வளவு போட்டிருக்கான்?"

"எண்ணூறு."

"அப்ப ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது." அண்ணனுக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம். "பேசிக்ல மட்டும்தான்டா கணக்கு. அஞ்சு வருஷம் தாண்டினாத்தான் அதுக்கு மேல வருஷத்துக்கு முப்பது நாள். கேன்சல் தாள்ல, எல்லாப் பணமும் வந்துருச்சுன்னு ஒரு வரி இருக்கும். பணம் கைக்கு வந்து எண்ணினப்புறம் பேனாவத் தொடு. வேற கம்பெனிக்குத் தாவாம ஊருக்கு வர்றேன்னா டிக்கெட் அவன் செலவு. கேட்டு வாங்கு."

"கேன்சல் ஆனப்புறம் எத்தனை நாள் இருக்கலாம்ணே?"

"முன்னாடி எல்லாருக்கும் முப்பது. 2022 அக்டோபருக்கு அப்புறம் சில விசாவுக்கு அறுபது, சிலதுக்கு நூத்தியெண்பது வரைக்கும் போகுது. உனக்கு எத்தனைன்னு தாள்லயே பாரு. ரூம்காரன் சொன்னான்னு இருந்துறாத. தாண்டினா ஒரு நாளைக்கு அம்பது திர்ஹாம். தெனம் ஒரு மூட்டை கேரட்டை ரோட்டுல கொட்டுற மாதிரி."

இத்தனைக்கும் கட்டணம் கிடையாது. ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த ஒரு சாஃப்ட்வேர் தம்பியும் டீ குடிக்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். அமெரிக்காவில் எச்1பி வேலை. எந்த நிமிஷமும் ஆட்குறைப்புக் கடிதம் வரலாம் என்ற பயத்தில் லீவிலும் லேப்டாப்பை விட்டுப் பிரியாதவன். வேலை போனால் அறுபது நாள் என்றான். "அதுகூட 2017 ஜனவரியிலதான் வந்துச்சு" என்றார் அண்ணன். "தங்குற அனுமதித் தேதி அதுக்கு முன்னாடி முடிஞ்சா அதுதான் கணக்கு. தெரியுமா?" தெரியும் என்றான். "அந்த அனுமதி முடியறதுக்குள்ள கம்பெனியே வெளிய அனுப்பினா ஊர் திரும்புற டிக்கெட் செலவு கம்பெனி தலையில. அது தெரியுமா?" தெரியாது என்றான். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்க. ஹெல்மெட் போட்டவனுக்கும் டிக்கெட்டு, கழுத்துல அட்டை மாட்டினவனுக்கும் டிக்கெட்டு. கேக்குறதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் வாய் வரல." சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேன்சலானால் முப்பது நாள், வரிக்கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி பிடித்து வைக்கும் என்பதையும், யாரும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டார்.

ஊர் வந்து சேர்ந்தாலும் அவரிடமிருந்து விடுதலை இல்லை. நிரந்தரமாகத் திரும்பியவனை மறுநாளே மூஞ்சிக்கல் பக்கம் பேங்க்குக்குப் பஸ் ஏற்றி, வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி அனுப்புவார். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களைப் பார்த்தால், "வெள்ளைக்காரன் தங்கினா 24 மணி நேரத்துல ஃபாரம் போட்டுத் தகவல் கொடுத்தீங்களா?" என்பார். வட்டக்கானலில் தாடியோடு போகிற இஸ்ரேல் பையனைப் பார்த்தால் நம் கண்ணுக்குக் கிட்டார் தெரியும். அவர் கண்ணுக்கு விசா முடிகிற தேதி தெரியும். ராத்திரி தோட்டத்தில் இறங்குகிற காட்டுமாடுகளைக்கூட, "விசா முடிஞ்சும் போகாத பயலுக" என்றுதான் திட்டுவார். டீ மாஸ்டர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அண்ணே, அதுக சிட்டிசனு. நாமதான் விசாவுல வந்தவங்க" என்றார்.

சிரிப்போம். ஆனால் அவருடைய முதல் தவணையைப் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் சிரிப்போம். ஒரு கம்பெனி நாலு மாதம் சம்பளம் தராமல் இழுக்க, அண்ணன் ஒரு ராத்திரி பையைத் தூக்கிக்கொண்டு கேம்பை விட்டு வெளியேறினார். கேன்சல் இல்லை, தாள் இல்லை. கல்ஃப் தமிழில் அப்படிப்பட்டவனுக்குப் பெயர் கல்லிவல்லி. ரெண்டு வருஷம் அங்கங்கே நாள்கூலி. போலீஸ் வண்டி தெரிந்தால் சந்துக்குள் ஒதுங்குவார். அம்மா இறந்த செய்தி வந்தபோது அவரால் கிளம்ப முடியவில்லை. காரியம் முழுவதையும் போனிலேயே பார்த்தார். 2018 ஆகஸ்டில் பொதுமன்னிப்பு தொடங்கியபோது வரிசையில் நின்று, அபராதம் இல்லாமல் வெளியே வந்தார். ரெண்டாவது தவணை போனதும் முதலில் வாங்கியது அந்த ஜிப் ஃபைல். வேலைக்குச் சேர்ந்த அன்றே, விட்டுக் கிளம்புவதற்கான தாள்களைச் சேர்க்க ஆரம்பித்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்டவரைப் போன வாரம் ஒரு காட்டுமாடு சாய்த்துவிட்டது. உடம்பில் முட்டவில்லை. படிக்கட்டு நிலத்தில் ரெண்டு அடுக்குப் பூண்டை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனது. வனத்துறையில் நஷ்டஈடு கேட்கலாம் என்றோம். அண்ணன் உற்சாகமாகக் கிளம்பினார். பேப்பர் வேலை என்றால் அவருக்குத் தீபாவளி. போட்டோ, விண்ணப்பம், ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் வரிசையாக அடுக்கி எடுத்துப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது குல்லா கையில் இருந்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"பட்டா கேக்குறாங்க."

"கொடுக்க வேண்டியதுதானே?"

அண்ணன் கொஞ்ச நேரம் எதிர் மலையைப் பார்த்தார். "தாத்தா பேர்ல இருக்கு."

தாத்தா இறந்தது எம்.ஜி.ஆர். இறந்த அதே வருஷம். நடுவில் அப்பாவும் போய்விட்டார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூன்று அத்தைகளின் கையெழுத்து, வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ்... ஷார்ஜாவில் சிம் கார்டைக்கூட ரசீது வாங்கி ஒப்படைத்தவர், வில்பட்டியில் ஒரு அடுக்கு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றவில்லை. நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கிளாஸ் கழுவுகிற பையன்தான் கேட்டான்:

"அப்ப தாத்தாவுக்கு இன்னும் எக்ஸிட் அடிக்கலையாண்ணே?"

டீக்கடை ஆடிவிட்டது. அண்ணன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மனசுக்குள் ஏதோ கணக்கு ஓடுவது போல உதடு மட்டும் அசைந்தது. நாளொன்றுக்கு ஐம்பது திர்ஹாம் வீதம் தாத்தாவுக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். பிறகு ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

கடன் நோட்டில் அவர் பக்கத்தில் டீ ஒன்று, வடை ஒன்று பாக்கி நிற்கிறது. கடைக்காரர் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்.