பித்ருக்களின் காய்கறிக் கொள்கை: ஒரு முன்னோட்ட ஆய்வு

தமிழ்ப் பிராமண வீடுகளில் திவசத்தன்று எந்தக் காய் அடுப்படிக்குள் நுழையலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சாஸ்திரம் அறிந்தவர்கள் அலசியிருக்கிறார்கள். சமையல் மாமிகள் அதைவிட ஆழமாக அலசியிருக்கிறார்கள். காய்களின் பூர்வீகத்தை வைத்து இதைப் பார்க்கும் பணி மட்டும் மிச்சமிருந்தது. அதை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

முதலில் தரவு. அனுமதி பெற்றவை: வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், சேனை, சேம்பு, பிரண்டை. அனுமதி மறுக்கப்பட்டவை: உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ், சௌசௌ, எல்லாவற்றுக்கும் மேலாக மிளகாய். காரத்துக்கு அன்று மிளகுதான். வீட்டுக்கு வீடு சிறு மாறுதல் உண்டு. ஒவ்வொரு வீடும் தன் பட்டியலே சரி என்று சொல்லும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் கருதுகோள் கண்ணைப் பறிக்கும் அளவுக்குச் சுத்தமானது. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்காரர். மிளகாய்க்கு மெக்சிகோ. தக்காளி, பீன்ஸ், சௌசௌ மூன்றும் அதே கண்டத்து உருப்படிகள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துகீசியர் கப்பல்களில் மிளகாய் வந்தது. 1819இல் நீலகிரி ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், குளிர் கண்டு மகிழ்ந்து, ஊட்டியில் உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட வைத்தார். ஆக, 1498க்கு முன் குடியேறியவர்கள் உள்ளே, பின் வந்தவர்கள் வெளியே. அவரையின் மூதாதையர்கூட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் இங்கே இருந்துவிட்டதால் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை.

இந்தக் கருதுகோளைக் கவிழ்த்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அதுவும் அசல் அமெரிக்கப் பிரஜை. ஆனாலும் திவச இலையில் சேனைக்கும் சேம்புக்கும் நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. கத்தரிக்காய் இந்தப் பக்கத்துக் காய். முருங்கை இமயமலை அடிவாரத்தில் பிறந்தது. பல வீடுகளில் இரண்டுக்கும் அன்று இடமில்லை.

எனவே இரண்டாம் கருதுகோள்: உறவினர் குற்றம். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் தாவரவியலில் கத்தரிக் குடும்பம். தூரத்துப் பங்காளிகள் செய்த பாவத்துக்குக் கத்தரிக்காய் தண்டனை அனுபவிக்கிறது. சர்க்கரைவள்ளியோ உருளைக்கிழங்கின் குடும்பமே அல்ல. வேலியோரம் ஊதாப்பூ பூக்கிற கொடிகளின் இனம். இந்த விளக்கத்தின் அழகில் சில நாள் மயங்கலாம். முருங்கைக்கு என்ன பதில், காரட் யாருக்குச் சித்தப்பா என்று யாராவது கேட்கும் வரை.

தகவலாளர் கருத்தையும் பதிவு செய்வது முறை. “சர்க்கரைவள்ளி எப்பவும் உண்டு, உருளைக்கிழங்கு எப்பவும் கிடையாது. இதுல என்னடா கேள்வி?” (அத்தை, நேர்காணல், கொத்தவரங்காய் ஆய்ந்தபோது.)

போகிற போக்கில் அந்தக் கொத்தவரங்காய்க்கு ஒரு மரியாதை. அதன் விதையிலிருந்து எடுக்கும் பிசின் அமெரிக்காவில் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கப் பயன்படுகிறது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் நாம் பட்ட கடன் இப்படித்தான் அடைகிறது.

இனி நாணய மாற்று விகிதம். வசிஷ்டர் வீட்டுத் திவசத்துக்கு ஆயிரத்தெட்டுக் கறி கேட்டாராம் விசுவாமித்திரர். அருந்ததி பாகற்காய்க் கறியும், பிரண்டைத் துவையலும், பலாக்காயும், இன்னும் எட்டுக் கறியும் பரிமாறினாள். பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, மீதி எட்டு. கணக்கு நேராகிவிட்டது. உலகின் முதல் கள்ளக் கணக்கு இது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது ஒரு இல்லத்தரசி போட்ட முதல் பட்ஜெட். பிரண்டை நாக்கை அரிக்கும் என்பதால் அதற்கு முந்நூறு கொடுத்தது நியாயமே. பாகற்காய்க்கு நூறுதான் என்பதை அது இன்னும் மன்னிக்கவில்லை, சுவையிலேயே தெரிகிறது.

ஆனால் ஆய்வின் மையச் சிக்கல் காய்களிடம் இல்லை, விருந்தாளிகளிடம் இருக்கிறது. திவசத்தில் அழைக்கப்படுவோர் மூவர்: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. இன்று அறுபது வயதுக்காரர் ஒருவர் திவசம் செய்தால், தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும், கொள்ளுத்தாத்தா 1870களில் பிறந்தவர். அப்போது மிளகாய் இந்தியா வந்து முந்நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஊட்டியில் உருளைக்கிழங்கு விளையத் தொடங்கி அரை நூற்றாண்டு. அதாவது மூவருமே பச்சைமிளகாயைக் கடித்து மோர்சாதம் சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு மிளகாயே படாத மிளகு ரசம் ஆண்டுதோறும் பரிமாறப்படுகிறது. உண்மையில் இந்த மெனு, அழைப்பே போகாத பதினைந்தாவது தலைமுறைத் தாத்தா ஒருவருக்காகத் தயாராகிறது. அவர் வந்தால், சர்க்கரைவள்ளி தவிர எல்லாம் சரியாக இருக்கும்.

இம்முடிவைத் தகவலாளர் முன் வைத்தபோது அவர் மறுக்கவில்லை.

“உங்க தாத்தாவுக்கு உருளைக்கிழங்கு ரோஸ்ட்னா உசுரு.”

“அப்போ அதைப் பண்ணக்கூடாதா அத்தை?”

“மறுநாள் பண்றேனே, ரெண்டு கிலோ. நீதானே முக்கால்வாசி சாப்பிடறே?”