கப்பல் ஒட்டிய தமிழன்

ஓய்வு பெற்றதும் சிலர் கோயிலைப் பிடித்துக்கொள்கிறார்கள், சிலர் பங்குச் சந்தையை. மாதிரிக் கப்பல்காரருக்கு இரண்டுக்கும் நேரமில்லை. அவர் குடியிருப்பது 1914-இல்.

பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெட்டியில் வருகின்றன. வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசினால் கப்பல். பத்து நாளில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் “பொம்மை செய்யறவங்க” என்று ஒதுக்கிவிடுவார். சென்னைக்காரர் என்பதால் அவர் எடுத்துக்கொண்டது, அந்த ஊர்மீது குண்டு போட்ட ஜெர்மானியக் கப்பலான எம்டன். 118 மீட்டர் நீளப் போர்க்கப்பல், 350-இல் ஒரு பங்காகச் சுருங்கி, பள்ளிக்கூட அடிக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளமாக மேஜையில் கிடக்கிறது. கிடக்கிறது என்றால், பெட்டிக்குள்.

ஏனென்றால் அவர் ‘எம்டன்’ கட்டவில்லை. ‘1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி எம்டன்’ கட்டுகிறார். சமாதான காலத்தில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் நின்றபோது அது வெள்ளைக் கப்பல். போர் வந்ததும் சாம்பல் நிறம் ஏறியது. தேதியைச் சொல்லாமல் கப்பலைச் சொல்வது அவர் கணக்கில் முகவரியில்லாமல் கடிதம் போடுவது.

சரி, சாம்பல். எந்தச் சாம்பல்? படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. போதாததற்கு, அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளில் சிவப்பு இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். தெரிந்தவர் ஒருவர் ஜெர்மானிய வண்ண அட்டவணை எண் ஒன்றைச் சொல்லி உதவப் பார்த்தார். “அந்த அட்டவணை பிறந்ததே 1927-லதான் சார்” என்று பதில் வந்தது. அவர் பிறகு உதவவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும் என்பதால், சின்னக் கப்பலுக்கு அசல் நிறத்தைவிட ஒரு பிடி வெளுப்பாகப் பூச வேண்டுமாம். ஆக, ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் விதவிதமான சாம்பலைத் தடவி மொட்டைமாடியில் வரிசையாக வைத்திருக்கிறார். வடாம் காயப்போட இடமில்லை.

“ஏங்க, அது வந்தது ராத்திரிதானே? இருட்டுல எவன் கலர் பார்த்தான்?” என்றார் மனைவி.

“பர்மா ஆயில் டேங்க் எரிஞ்ச வெளிச்சத்துல தெரிஞ்சிருக்கும்ல?”

பதில் சரிதான். அதுதான் அவரோடு வாழ்வதில் உள்ள கஷ்டம்.

கொடிமரக் கயிறுகளுக்கு மனைவியின் தலைமுடியைக் கேட்டு வாங்கினார். பிறகு கணக்குப் போட்டார். இந்த அளவில் ஒரு முடி, அசல் கப்பலில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் வடமாகிவிடுகிறது. “உன் முடி ரொம்ப தடிப்பு” என்று திருப்பிக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் கேட்ட ஒரே கூந்தல் வர்ணனை அது. இப்போது பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து நூலாக்குகிறார். கரண்ட் போகாத ஊரிலும் மளிகைப் பட்டியலில் மெழுகுவத்தி நிற்பது இப்படித்தான்.

புகைபோக்கி இருக்கிறதே, அது தனி மகாபாரதம். எம்டனுக்கு இருந்தவை மூன்று. நாலு புகைபோக்கி உள்ள ஆங்கிலேயக் கப்பல் என்று எதிரி நினைத்துக்கொள்ளட்டும் என்று கேப்டன் முல்லர் துணியால் நாலாவது ஒன்றைக் கட்டிவைத்தார். அந்த வேஷத்தோடுதான் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள். ஊரை ஏமாற்ற அவசரத்தில் தைத்த பொய். அதில் ஒரு தையல்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று இவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். சரி சார், சென்னைக்கு வந்த ராத்திரி அது ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா? இப்படிக் கேட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவர்கள் இல்லை.

உறவுக்காரர்களும் பாவம். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர் ஒருவர், “நம்ம விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை வந்த கப்பலாச்சே!” என்று பெருமையாக ஆரம்பித்தார். இவர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை அப்போது ஐரோப்பாவில் இருந்ததையும், கப்பலில் இருந்ததற்கு ஆதாரமில்லாததையும், சாம்பார் மறுபடி வரும்வரை விளக்கினார். சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து இப்போது பத்திரிகை வருவதில்லை.

சாட்சிகளில் அவர் முழுசாக நம்புவது ஹெல்முத் ஃபொன் மியூக்கெ ஒருவரைத்தான். கப்பலின் முதல் அதிகாரி, பிழைத்து வந்து புத்தகம் எழுதியவர். “கப்பலைத் துடைக்கிறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் முதல் அதிகாரி பொறுப்பு. அந்த ஆளுக்குத் தெரியாத சாம்பலா?” என்பார், சொந்த மாமாவைச் சொல்வதுபோல. அதே கப்பலில் இருந்த ஹோஹென்சோலர்ன் இளவரசரும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தார். இளவரசர்கள் பெயின்ட் வாளி தூக்குவதில்லை என்பதால் அவருக்கு மதிப்பெண் குறைவு.

ஒருவழியாகப் போன பொங்கலுக்கு எம்டன் மேஜையில் நின்றது. பத்து பீரங்கி, மூன்று புகைபோக்கி, தேவைப்பட்டால் மாட்டிக்கொள்ள நாலாவது. மேல்தளத்தில் நிலக்கரிக் குவியல்கூட இருந்தது. பிடிபட்ட கப்பல்களிலிருந்து எடுத்த கரியை அப்படித்தான் குவித்தார்கள். பார்க்க வந்தவர்களில் இவரைப் போலவே இன்னொருவர் இருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பாராட்டவில்லை.

“கோழி எங்கே சார்?”

“என்னது?”

“பிடிச்ச கப்பல்லேருந்து கோழி, வாத்து, பன்னின்னு டெக்குல ஏத்தினதா மியூக்கெ எழுதியிருக்காரே.”

வீட்டில் எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். இவர் முகமோ, தொலைந்துபோன தம்பி கிடைத்ததுபோல் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். 350-இல் ஒரு பங்குக் கோழி, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். அதைச் செய்துவிடலாம், ரவையே போதும். சிக்கல் அதுவல்ல. இந்தியக் கடல் பக்கம் முதல் கப்பல்களைப் பிடித்தது செப்டம்பர் பத்துக்குப் பக்கத்தில். சென்னைக்கு வந்தது 22-ஆம் தேதி. நடுவில் பன்னிரண்டு நாள், பசித்த மாலுமிகள் முந்நூற்றுச் சொச்சம் பேர்.

“மிச்சம் இருந்திருக்கும்னா நினைக்கிறீங்க?” என்றார் ரயில்வேக்காரர்.

“முட்டை போடறதை மட்டும் விட்டுவெச்சிருப்பாங்க” என்று இவர் நோட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து மனைவி இரண்டாவது காபியை அனுப்பிவிட்டு, ராத்திரிக்கும் சேர்த்து அரிசியைக் களைந்தார்.