மலையடுப்பு மீமாம்சை

தருக்க சாஸ்திரம் பயிலப் புகுவோருக்கு முதற் பாடத்திலேயே ஒரு மலையைக் காட்டுவார்கள். அம்மலையின்மேல் புகை தெரிகிறது. ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. எதைப்போலவென்றால், புகையும் நெருப்பும் கூடியிருக்க நாம் நாள்தோறும் காண்கிற அடுக்களையைப் போல. நியாய நூலார் இந்த உதாரணத்தைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் அந்த இளம் துறவிக்கு அளவை நூல் கற்பிக்கும்போதும் இதே மலையையும் இதே அடுக்களையையும்தான் எடுத்துக்கொள்கிறார். இத்தனை நூற்றாண்டுக் காலம் மலையையும் அடுக்களையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசிய மகான்களுள் ஒருவரேனும், அடுக்களையையே மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அனுமானம் என்ன கதிக்கு ஆளாகும் என்று விசாரிக்காமல் விட்டது பெருங்குறை. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்ட கள்ளக்குறிச்சிக்கு இனியும் அக்குறையைச் சுமக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லையாதலின், அதை நிவர்த்தி செய்யும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன்.

சொல்லிலிருந்து தொடங்குவது மரபு. அடுப்பு என்பது அடு என்னும் வினையடியாகப் பிறந்தது. அட்டில், அடிசில், அடுக்களை ஆகியவை அதன் உடன்பிறந்தார். அடுதல் என்றால் சமைத்தல். கொல்லுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. என் மைத்துனர் வைத்த சாம்பாரை உண்டு மீண்டவர்களுக்கு இவ்விரு பொருளும் ஒரே வேரில் கிளைத்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. இனி மலையடுப்பின் லட்சணம் யாதெனின்: ஒருவர் ஒரு கையால் தூக்கத்தக்கதாய், வழியில் கிடைக்கும் சுள்ளியையே உண்பதாய், பத்துப் பேர் பசிக்குப் போதிய பானையைத் தாங்குவதாய், தாங்கிய பானையைக் கவிழ்க்காததாய் இருப்பது எதுவோ அது. இந்த லட்சணத்தில் தூக்கத்தக்கது என்பதும் கவிழ்க்காதது என்பதும் மாமியும் மருமகளும் போல ஒன்றையொன்று பார்த்தபடியே இருக்கும். கனம் கூடினால் தோள் வலிக்கும், கனம் குறைந்தால் குழம்பு கொட்டும்.

குழம்பு கொட்டிய சம்பவந்தான் இவ்வாராய்ச்சிக்கு மூல காரணம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைப் பின்னுக்கு விட்டு, வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலைக்கு அப்பால் சாமை பயிரிடும் ஒரு நண்பரின் கொல்லையில் நாங்கள் சென்ற ஆண்டு சமைத்தோம். (காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்பதை இங்கே குறித்துவிடுகிறேன், ஆராய்ச்சியாளன் பட்டா நிலத்தோடு நிற்க வேண்டும்.) அங்கே மூன்று கல் போதும் என்று நான் சொல்லியும், 'கெட்டியா இருக்கட்டும் மாமா' என்று மைத்துனர் நான்காவதாக ஒரு செங்கல்லைச் செருகினார். பானை அந்த நிமிஷம் முதல் ஆடத் தொடங்கிற்று. மேடுபள்ளமான தரையில் மூன்று முனைகள் எப்படி வைத்தாலும் ஒரு தளத்தில் அமையும். நான்காவது முனை அத்தளத்தில் அமைவது தெய்வாதீனம். இதை யூக்ளிட் படித்தறியாத நம் பாட்டிமார் அடுப்பின்மேல் மூன்று குமிழ் வைத்துப் பூசியபோதே அறிந்திருந்தார்கள். என் மைத்துனர் பொறியியல் பட்டதாரி.

முன்னோர் கண்ட அடுப்புகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். கலியாண வீட்டில் அண்டா ஏற்றும் கோட்டை அடுப்பு பெயருக்கேற்ற கோட்டை. பெயர்த்தெடுக்க ஒரு சேனை வேண்டும். ஒரு வாயில் இட்ட தீ பக்கத்து வாய்க்கும் ஓடிப் பாலைக் காய்ச்சிவிடும் கொடியடுப்பு சிக்கனத்தின் சிகரமேயெனினும் அது சுவரோடு பிறந்து சுவரோடு வாழ்வது. குமுட்டிக்குக் கைப்பிடி உண்டு; ஆனால் அது கரியுண்ணி, அதற்கு விறகை ஊட்டினால் ஊட்டியவன் அழுவான். மரத்தூள் அடுப்பு ஒன்றுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. தகரத்தின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் கெட்டித்து, புட்டியை மெல்லத் திருகி உருவினால் நடுவில் ஒரு குழல் நிற்கும். அடியில் கொளுத்தினால் மணிக்கணக்கில் நின்று எரியும். மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் கள்ளக்குறிச்சியில் தூளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மலைப்பாதையின் முதல் வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் குழல் இடிந்து, எடுத்துச் சென்றது அடுப்பாக இராமல் ஒரு டின் மரத்தூளாக மட்டும் போய்ச் சேரும். கேஸ் சிலிண்டர் இருக்க இத்தனை கஷ்டம் எதற்கு என்று வினவுவோர் இக்கட்டுரையைத் தொடர்ந்து வாசிக்க வேண்டியதில்லை.

இலக்கியச் சான்றும் ஒன்று உண்டு. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனுக்குச் சொல்லிக் காட்டும் தம் வீட்டு அடுப்பில் நெடுநாள் உலையேறாமையால் காளான் பூத்திருக்கிறது. உரைகாரர்கள் இதை வறுமையென்று கண்டு இரங்கினார்கள். வடிவமைப்பு நோக்கில் ஆராய்ந்தால் அவ்வடுப்பின் அமைப்பில் யாதொரு பழுதும் இல்லை. அரிசிதான் வந்து சேரவில்லை. இச்செய்யுளை நான் அப்போது போதிய சிரத்தையோடு படிக்கவில்லை.

புகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விறகு எரிகிறது என்று நாம் சொல்வது உபசார வழக்கு. உண்மையில் விறகு சூடேறி ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. காய்ந்த விறகின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு இவ்விதம் ஆவியாய்ப் போய், எஞ்சியதே கரியாகித் தணலாய்க் கனல்கிறது. அந்த ஆவி எரிவதற்கு 600 பாகைக்குக் குறையாத சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் எரியாத ஆவி புகையாகி நம் கண்ணில் வந்து புகும். ஆகவே புகை என்பது நெருப்பின் அடையாளம் என்பதைவிட, நெருப்பு உண்ணாமல் விட்ட எச்சில் என்பதே பொருந்தும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி இருக்க, திறந்த முக்கல் அடுப்பில் பானைக்குச் சேர்வது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரைதான். மிச்சத்தைக் காற்றும் கல்லும் ஆகாயமும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்த அநியாயத்தை நான்தான் முதலில் கண்டேன் என்று சொல்லமாட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மூனிக் நகரத்து ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய ரம்ஃபோர்டு பிரபு, திறந்த அடுப்பைச் சுவருக்குள் அடைத்து விறகை மிச்சப்படுத்தினார். ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர் புகையில்லா அடுப்பை வகுத்தார்; கோடிக்கணக்கானோரின் அடுக்களைக்காக அவர் எழுதிய நூல் 1953இல் நம் சென்னையிலேயே அச்சாயிற்று. 1980களில் அமெரிக்காவின் ஆரிகனில் லாரி வினியார்ஸ்கி என்பவர் முழங்கை போல் வளைந்த ஒரு குழாயைக் கண்டார்: படுக்கை வாயில் விறகு, நிமிர்ந்த வாயின்மேல் பானை, குழாயைச் சுற்றிச் சூட்டை விடாத பொதி. ஆவி அக்குழாய்க்குள் ஏறும்போதே எரிந்து தீர்ந்துவிடும். உலகம் இதை ராக்கெட் அடுப்பு என்கிறது. வினியார்ஸ்கியின் குழாயில் எனக்குத் தெரிந்தது நம் மரத்தூள் அடுப்பின் புட்டி நின்ற இடந்தான்.

வேலை ஒரு பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் தொடங்கிற்று. நாலங்குலக் குழாய், நிமிர்ந்த பகுதி அதன் மும்மடங்காக ஓர் அடி. படுக்கை வாயின் குறுக்கே ஒரு தட்டு, தட்டின்மேல் விறகு, தட்டின்கீழ் காற்று. துத்தநாகப் பூச்சுள்ள குழாயை மலிவென்று வாங்கிவிடக் கூடாது, சூட்டில் பூச்சு கிளம்பி நச்சுப்புகையாகும், எவர்சில்வரே உத்தமம். குழாய்க்கும் டின்னுக்கும் இடையே களிமண் அடைக்கலாம் என்றுதான் எவரும் நினைப்பர். களிமண் சூட்டைத் தடுப்பதில்லை, குடித்துவிடும். தடுப்பது சாம்பல். வீடுதோறும் சாம்பல் கிடந்த காலம் போய், பாத்திரம் துலக்கவும் பொடி வாங்குகிற காலத்தில், ரைஸ்மில்லுக்குப் போய் உமிச்சாம்பலை ஒரு சாக்கு வாங்கி வந்தேன். காசு வேண்டாம் என்ற மில்காரர், எதற்கு என்று மூன்று தடவை கேட்டார்.

கால் விஷயத்தில் வெல்டிங் பட்டறைக்காரருக்கும் எனக்கும் நடந்த வாதத்தைப் பூர்வபட்சமும் சித்தாந்தமுமாக இங்கே பதிவு செய்வது அவசியம்.

“நாலு காலு வெச்சாத்தான் சார் கெட்டி. மாடு நாலு கால்லதான நிக்குது?”

“மாடு மேட்டைக் கண்டால் முழங்காலை மடக்கிக்கொள்ளும். இதற்கு முழங்கால் வைத்துத் தருவீர்களா?”

அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கம்பியை மூன்றாக வெட்டினார். மூன்று காலுக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும் சாய்வு உண்டு; கனத்தின் நடு மூன்று பாதங்களுக்குள் விழ வேண்டும்; ஆகவே கால்களை டின்னுக்கு வெளியே ஒரு சாண் விரித்து ஊன்றச் சொன்னேன். அதையும் செய்தார். கூலியில் மட்டும் நான்காவது கால் இருந்தது. பானைக்கும் விளிம்புக்கும் ஒரு விரல் இடைவெளி, பானையைச் சுற்றிக் காற்றுத் தடுக்க ஒரு தகரப் பாவாடை, பிடிக்க வளைந்த கைப்பிடி. எல்லாம் சேர்ந்து எடை ஏழு கிலோ.

முதல் சோதனை மொட்டை மாடியில் நடந்தது. முந்தின இரவு மழை, விறகு ஈரம். பச்சை விறகில் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ தண்ணீர் இருந்தால் அதை ஆவியாக்கவே 300 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். அந்தச் செலவைவிடக் கொடியது, அடுப்பின் சூடு இறங்கி ஆவி எரியாமல் போவது. புகை மாடியை மூடிற்று. எதிர்வீட்டுக்காரர் புகையைக் கண்டு தீயை அனுமானித்து, ஒரு குடம் தண்ணீரோடு மாடியேறி வந்து, அனுமானத்தைச் செயலிலும் காட்டிவிட்டார். நனைந்த ஆடையோடு நியாய நூலைத் திரும்பப் புரட்டினேன். புகையிருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பிருந்தால் புகை உண்டென்பது செல்லாது, பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டைப் பார் என்கிறார்கள் அந்நூலார். நெருப்பு புகைய வேண்டுமானால் ஈர விறகின் சம்யோகம் வேண்டும். இதற்கு உபாதி என்று பெயர். வாதசபையில் உட்கார்ந்து விறகுக்கடை ரகசியத்தைச் சொல்லி வைத்தவர்களை நான் அதன்பின் பரிகசித்ததில்லை. கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்த சவுக்கு விறகைப் பத்து நாள் வெயிலில் உணர்த்திச் சாக்கில் கட்டினேன்.

மலையேறியது ஐப்பசியில் ஒரு ஞாயிறு. நண்பர் வீட்டார் மலையாளிகள். கேரளத்தாரல்லர், காஞ்சியிலிருந்து வந்தவர்களாகத் தம் மரபைச் சொல்லிக்கொள்ளும் கல்வராயன் மலைக்குடியினர். அவர்கள் வீட்டுக்குள் அடுப்புக்கு நேர்மேலே பரண், பரணில் விதைச் சாமை. புகை ஏறி விதையைப் புழு தின்னாமல் காக்கும். புகையின் இந்த உபயோகத்தை என் ஆராய்ச்சி அடியோடு மறந்திருந்தது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். அடுப்பு, அண்டா, காய்கறியோடு நாங்கள் எட்டுப் பேர் ஜீப்பில் முன்னே போய்விட, அரிசியும் மளிகையும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வரும் மைத்துனர் பொறுப்பு. கொல்லை ஒரு பள்ளத்தில் இருந்தது. செல்பேசி அங்கே எடுக்காது. ஆகவே புறப்படும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன்: “மேட்டில் நின்று பார், மச்சான். எங்கே புகை தெரிகிறதோ அங்கே வா.”

அடுப்பை மூட்டினேன். முதல் இரண்டு மூன்று நிமிஷம் வெள்ளையாய்ப் புகைந்தது. பின் குழாய் சூடேறி, உள்ளே காற்று இழுபட்டுக் 'கும்' என்று ஓர் இரைச்சல் கிளம்பிற்று. புகை அற்றுப்போயிற்று. குழாயின் வாய்க்குமேல் காற்று மட்டும் நடுங்கிற்று. எதிரே நின்ற மாமரம் அந்நடுக்கத்தினூடே தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தது. சரிவான பாறையின்மேல் மூன்று காலும் ஆணியறைந்தாற்போல் நின்றன. நண்பரின் தாயார் வந்து, குனிந்து பார்த்து, “பொகையே காணமே” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து லிட்டர் தண்ணீர் இருபதே நிமிஷத்தில் தளதளத்தது. மூவாயிரம் அடி உயரத்தில் நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும், அரிசி வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினேன். விளக்கி முடித்தபோது மணி பன்னிரண்டு. ஒன்றாயிற்று. இரண்டாயிற்று. உப்பும் மளிகைப் பையில் இருந்தமையால் காய்கறியை வெறும் நீரில் வேகவைத்துத் தின்றோம்.

மூன்றரை மணிக்கு மேட்டிலிருந்து மோட்டார் சைக்கிள் இறங்கிற்று. மைத்துனர் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எங்கே போனாய்?”

“பொகை தெரியிற எடத்துக்கு வான்னீங்க மாமா. ரெண்டு கொல்லை தள்ளி ஒரு ஊட்டுல தெரிஞ்சுது, போனேன். சாமச்சோறும் மொச்சக்கொழம்பும் போட்டாங்க. வேணாம்னா உடல.” அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். “அங்க சும்மா மூணு கல்லுதான் மாமா வெச்சிருக்காங்க. நல்லாத்தான் எரியுது.”

எட்டுப் பேரும் அரிசிப் பையைப் பார்த்தோம். அவர் அண்டாவின் மூடியைத் தூக்கினார்.

“தண்ணி கொதிச்சிருச்சே மாமா. அரிசி போட்டுடலாமா?”