சாரலில் முளைக்கும் நட்சத்திரங்கள்: நாய்க் காப்பகம் திறந்த அண்ணாச்சிக்குச் சில யோசனைகள்

அண்ணாச்சி, ஆனி பிறக்க இன்னும் பத்து நாள்தான். பேரருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று எவனாவது வாட்ஸப்பில் ஒரு வீடியோ போட்டால் போதும், சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வண்டி கிளம்பிவிடும். முன்பெல்லாம் வண்டியில் பாட்டியும் புளியோதரையும் நல்லெண்ணெய் பாட்டிலும் வரும். இப்போது நாயும் வருகிறது. அருவிக் கூட்டத்துக்குள் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது, காருக்குள் பூட்டி வைத்தால் பாவம், லாட்ஜில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே குற்றாலம் ரோட்டில் நாலு கூண்டும் ஒரு ஹேர் டிரையரும் வாங்கிப்போட்டு நீங்கள் கடை திறந்தது நல்ல யோசனைதான்.

ஒரே குறை, மேப்பில் உங்களுக்கு மூன்றே ரிவ்யூ. ஒன்று உங்கள் மச்சினன் போட்டது. இன்னொன்று பக்கத்துப் பரோட்டாக் கடை என்று நினைத்து யாரோ 'சால்னா சூப்பர்' என்று மாற்றிப் போட்டது. மூன்றாமவர் நிஜமாகவே நாயை விட்டுப் போனவர். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், கார் நிறுத்த இடமில்லை என்று எழுதி மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு சீசனை ஓட்ட முடியாது. நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

முதல் வேலை, மொய் நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவர்கள், உங்களிடம் மொய் வாங்கிவிட்டு இன்னும் திருப்பிச் செய்யாதவர்கள், எல்லோருக்கும் ஃபோன் போடுங்கள். ரூபாய்க்குப் பதில் நட்சத்திரம், அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. சுரண்டை மாமா, கடையநல்லூர் சித்தப்பா, வாசுதேவநல்லூர் மைனி என்று இருபது பேரும் ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் எழுதுவார்கள். ஒரே நாளில் மொத்தமாக வந்து விழுவதை கூகுள் சந்தேகப்படும். 2023-ல் மட்டும் 17 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களை விதிமீறல் என்று அந்த நிறுவனம் தூக்கியிருக்கிறது. அதைவிட ஆபத்து சித்தி. பூனையைக் கண்டால் விளக்குமாற்றை எடுக்கிறவர், 'எங்கள் பெர்சியன் பூனைக்கு வீட்டுச் சூழல் கிடைத்தது' என்று எழுதிவைப்பார். தெருவே வாசித்துவிட்டுச் சிரிக்கும்.

சொந்தம் சரிப்படாவிட்டால் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். டெலிகிராமில் நூறு ரிவ்யூ இன்ன விலை என்று அடுக்கி விற்பார்கள். வாங்கலாம், ஆனால் சரக்கைப் பிரித்துப் பாருங்கள். எழுதியவர் அதே நாளில் லக்னோவில் ஒரு பல் டாக்டரையும் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தையும் மெச்சிவிட்டு, சாயங்காலம் உங்கள் கடைக்கு வந்திருப்பார். 'கடற்கரையைப் பார்த்த அறைகள் அருமை' என்று குற்றாலத்துக்கு ஒரு சமுத்திரத்தையே கொண்டுவந்து சேர்த்திருப்பார்.

அந்த ரிவ்யூவைத் தட்டுகிறவன் யார் என்று ரொம்ப யோசிக்காதீர்கள், தூக்கம் கெடும். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், மேப்பில் ஹோட்டலுக்கும் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டால் போதும் என்று ஊரெல்லாம் மெசேஜ் வந்ததே, அந்த வலையில் விழுந்த பிள்ளையாகவும் இருக்கலாம். முதல் நாள் நூறோ இருநூறோ நிஜமாகவே கணக்கில் விழும். நாலாம் நாள், 'பெரிய வேலை இருக்கு, முன்பணம் கட்டுங்க' என்பார்கள். பிறகு அம்மாவின் நகை போகும். அவன் கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் எண் 1930. உங்களுக்கு அந்த எண் தேவையில்லை. உங்களுக்குத்தான் நட்சத்திரம் வந்துவிட்டதே.

இனி, கைச்சரக்கு. அதாவது நீங்களே உட்கார்ந்து எழுதுவது. இதில்தான் கலை இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பொய் ரிவ்யூவைப் பிடிக்க உள்ளூர்க்காரனுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், குரங்கு போதும். சீசனில் குற்றாலத்துக்கு நாயோடு வந்த எவரும் குரங்கைப் பற்றிப் பேசாமல் போனதில்லை. கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கியது, நாய் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டியது, ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து முறைத்தது என்று ஏதாவது ஒன்று இருக்கும். உங்கள் நூறு ரிவ்யூவிலும் ஒரு குரங்கு இல்லையென்றால் அந்த நாய்கள் தென்காசியைத் தாண்டவே இல்லை என்று அர்த்தம். அடுத்து வாடை. சாரலில் நனைந்த நாயின் வாடை இருக்கிறதே, அதை ஒருதரம் மோந்தவன் ரிவ்யூவில் எழுதாமல் விடமாட்டான். மூன்றாவது ஈரம். வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஊரில் துவைத்த துணி எங்கே காய்கிறது, கூண்டுத் தரை எப்படிக் காய்கிறது, காது தொங்கும் ஜாதி நாய்க்குக் காதுக்குள் துடைத்துவிட்டார்களா, உண்ணி பார்த்தார்களா? நிஜமாக நாய் வளர்க்கிறவன் மனசு இங்கேதான் நிற்கும். இதையெல்லாம் சரியாக எழுத வேண்டுமென்றால் நீங்கள் இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிற நேரத்தில் துடைத்தே விட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். நான் ரிவ்யூவுக்கு மட்டும்தான் யோசனை சொல்கிறேன்.

காசுக்குப் புகழ்வது நம் பக்கத்தில் புதிதில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடி, குறவஞ்சிமேடு என்று நிலமே பரிசாக வாங்கினார். ஆனால் அவர் தன் பெயரைப் போட்டுப் பாடினார். மலையும் அருவியும் குரங்கும் இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன, போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த உதாரணத்தை உங்கள் வக்கீலிடம் சொல்ல வேண்டாம்.

வக்கீல் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரம் கொண்டுவந்தது. வரும்போது அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது, ஆகவே நீங்கள் விரும்பாமல் இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படி விருப்பம் கேட்காது. ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமுண்டு. அமெரிக்காவில் பொய் ரிவ்யூவை விற்பதற்கும் வாங்குவதற்கும் தடை 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அது தூரத்து ஊர், விடுங்கள்.

வாடிக்கையாளரில் ஒரு ரகம் உண்டு. உள்ளே நுழைந்ததும் நட்சத்திரத்தைப் பேசாமல் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்பார்கள். 'மத்த நாய்களுக்கெல்லாம் பார்வோ ஊசி போட்டிருக்கா?' என்பார்கள். ஊசிக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள். ஊசி மருந்து குளிர்ப்பெட்டியில் இருந்ததா என்றுகூடத் துருவுவார்கள். இவர்களுக்கு 'ஆள் இல்ல சார், அப்புறம் வாங்க' என்பதே பதில். குட்டி விற்கும் ஆசை வந்தால் இன்னும் ஜாக்கிரதை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்று மத்திய அரசின் 2017, 2018 விதிகள் சொல்கின்றன. ராஜபாளையம் குட்டி கேட்டு வருகிறவர் குட்டிக்குப் பின்னால் போய்க் கைதட்டினால் பேரத்தை முடித்துவிடுங்கள். அந்த ஜாதியில் பிறவிச் செவிடு உண்டு என்று தெரிந்த ஆள் அவர். வெள்ளைத் தோலையும் ரோஸ் மூக்கையும் காட்டி அவரிடம் பருப்பு வேகாது.

ஒற்றை நட்சத்திரம் வரும், வராமல் இருக்காது. 'நாயை உண்ணியோடு திருப்பித் தந்தார்கள்' என்று யாராவது எழுதினால், 'உங்கள் நாய் வரும்போதே உண்ணியோடுதான் வந்தது, எங்கள் உண்ணிகளை அது கெடுத்துவிட்டது' என்று எழுதத் துடிக்கும் கையை அடக்குங்கள். 'எங்கள் எதிரிகளின் சதி' என்று எழுதினால் போதும். செங்கோட்டைப் பக்கம் நிஜமாகவே போட்டிக் கடை ஒன்று இருந்தால் ரொம்ப வசதி. அவர்களுக்கு நீங்களும் இதையே செய்யலாம். சீசன் முடிவதற்குள் இரண்டு கடைக்கும் இரண்டரை நட்சத்திரம் என்று சமரசமாகிவிடும்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் என்னிடம் யோசனை இல்லை அண்ணாச்சி. இலஞ்சிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வருவார். பட்டன் ஃபோன், தோளில் துண்டு, கயிற்றில் ஒரு நாட்டு நாய். மகள் வீட்டு விசேஷத்துக்கு ரெண்டு நாள் போகணும், விட்டுட்டுப் போகலாமா என்று கேட்பார். உங்கள் போர்டையோ ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரையோ பார்க்கமாட்டார். வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, 'ஒங்க வீட்டு நாய் எங்கவே?' என்பார். நீங்கள் கொல்லையிலிருந்து அதைக் கூப்பிடுவீர்கள். அது வருகிறதா, வந்தால் உங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறதா, காலுக்கடியில் இடுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே வெற்றிலையைக் கிள்ளுவார்.

தூரத்தில் அவர் வருவது தெரிந்தால், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள்.