மீனாவது, மூக்காவது!

ஆங்கிலப் பத்திரிகை படித்தால் ஆங்கிலம் தானாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, கடலூரிலிருந்து சிதம்பரம் கல்லூரிக்குப் போகும் ரயிலில் தினமும் ஒன்றை விரித்துக்கொள்வேன். ஒருநாள் தலைப்புச் செய்தியில், அமைச்சர் ஒருவர் எதிர்க்கட்சிக்கு 'ஸ்னூக்' காட்டியிருந்தார். கையகல அகராதியைப் புரட்டினேன். 'ஸ்னூக்: தூண்டில்காரர்கள் விரும்பும் கடல்மீன்.' சட்டசபைக்குள் மீனை எப்படி விட்டார்கள்? பரங்கிப்பேட்டை தாண்டி, கிள்ளை தாண்டியும் விடை வரவில்லை.

வகுப்பில் கேட்டேன். பேராசிரியர் பேசவில்லை. கட்டைவிரலை மூக்கு நுனியில் வைத்து, மற்ற நான்கையும் விரித்து ஆட்டினார். எனக்கான பதிலா, என்னைப் பற்றிய கருத்தா என்று புரியாமல் நின்றேன். "அடுத்த வரியையும் படிடா!" என்றார்.

நம்மூரில் இந்த மாதிரி சேட்டைக்கு 'அழகு காட்டுவது' என்று பெயர். மூஞ்சியை எட்டுக் கோணலாக்கினாலும் அழகுதான்! தமிழுக்குத்தான் எவ்வளவு தாராள மனசு. மீனின் பெயர் டச்சுக்காரர்கள் கொடுத்தது. சைகைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது ஆங்கிலேயருக்கே தெரியாது.

ஸ்னூக் புளோரிடா, கரீபியன் பக்கத்து மீன். நம்ம கொடுவா அதற்குப் பங்காளி. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்த விஞ்ஞானிகள், பிறகு பாகம் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் வம்ச குணம் போகவில்லை. இரண்டும் ஆணாக வளர்ந்து, வயதேறியதும் பெண்ணாகிவிடும். கொடுவா மீசைக்காரர்கள் கவனிக்க.

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில், கூடைக்கு வெளியே வால் நீட்டிய கொடுவாவைப் பார்த்து நாக்கு ஊறியது. விலை கேட்டேன். பாதிக்குக் கேட்டேன். மீன்கார அம்மா ஒரு கையில் கொடுவாவைத் தூக்கிப் பிடித்தபடியே, மோவாயைத் தோளில் ஓர் இடி இடித்துக்கொண்டார். அகராதியின் இரண்டு அர்த்தமும் ஒரே ஆளிடம்!

"போ சாரு, உன் காசுக்குக் கவலைதான் வரும்."

மத்திக்கு இந்தப் பக்கம் கவலை என்றுதான் பெயர். ஆங்கிலேயனுக்கு மீனில் நக்கல். நமக்கு மீனிலும் கவலை. அரைக்கிலோ கவலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். பையைப் பிரித்துப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அழகு காட்டினாள்.