நிலையம் வேண்டாம், தண்ணீர் போதும்

அனுப்புநர்: விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்துப் பிழைக்கும் ஒருவன்.

பெறுநர்: நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அருள வேண்டாம் எனக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

எங்களைப் போன்ற ஊர்கள் ஆளுக்கொரு சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சொந்தக்காரர்களாகத் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற தங்கள் பெருங்கருணைக்கு வணக்கம். மானியம் கொஞ்சம், கடன் கொஞ்சம், மிச்சத்துக்கு வீட்டுக்கு வீடு டெபாசிட். முதலில் பணம், பிறகு நிலையம், பிறகு தெருத்தெருவாகக் குழாய். எல்லோரும் இணைப்பு வாங்கினால் கடைசியில் சாக்கடையும் வந்து சேரும். வட்டிக்கு மட்டும் இந்த வரிசை கிடையாது, அது முன்னாடியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடும்.

சாக்கடை எங்களுக்குப் புதிதல்ல. சாக்கடைக்குப் பதிக்கும் ஸ்டோன்வேர் குழாய்க்காக டான்செம் நிறுவனத்தின் ஆலை அமைந்த ஊர் இது. அந்த உரிமையில் சொல்கிறேன்: சூளையில் பாதிச் சரக்கு ஏற்றினாலும் எரிபொருள் ஏறக்குறைய முழுசாகத்தான் எரியும். பதினைந்து வருஷம் கழித்து வரப்போகும் ஜனத்தொகைக்கு இன்றைக்கே கடன் வாங்கிக் கட்டும் நிலையமும் அப்படித்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கைப் பாருங்கள். நாட்டில் நிறுவிய கொள்ளளவு நாளொன்றுக்கு 31,841 மில்லியன் லிட்டர். ஓடும் நிலையில் இருந்தது 26,869. உண்மையில் உள்ளே போனது 20,236. விதிப்படி நடந்த நிலையங்களின் கொள்ளளவோ வெறும் 12,197. கடன் பத்திரத்தில் இப்படிப் படிப்படியாக இறங்கும் வசதி இல்லை.

சரி, சொந்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ராத்திரி பகலாகக் காற்று ஊத வேண்டும். ஊதுவது ப்ளோயர், அது தின்பது கரண்ட். பில்லுக்குப் பயந்து நாள்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். செத்ததை எழுப்பச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவார்கள். கோடிக்கணக்கில் கட்டிய எந்திரத்துக்காக நகராட்சி வண்டி மாட்டுக்கொட்டகையாகத் தேடி அலையும் காட்சி எங்களுக்கு வேண்டாம். கசடு வேறு இருக்கிறது. எடுத்தால் கொட்ட இடமில்லை, எடுக்காவிட்டால் தொட்டியில் இடமில்லை. கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரரைக் கூப்பிடலாமா? பில் பாஸானதும் அவர் அடுத்த ஊர் ரிப்பனுக்குப் போயிருப்பார்.

முன்பணம் விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. சுந்தரர் எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதரிடம் 12,000 பொன் வாங்கி, மணிமுக்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். போட்டது திரும்பக் கிடைத்த ஒரே முதலீட்டாளர். அவரும் சும்மா போடவில்லை, பொன்னில் மாதிரிக்கு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டார். குளத்தில் எடுத்ததைப் பிள்ளையார் அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைந்திருந்தது! சிவபெருமான் கொடுத்ததற்கே உரைகல் வைத்த கதை எங்களுடையது. கான்ட்ராக்டர் கொடுப்பதற்கு மட்டும் கையெழுத்து போதும் என்கிறீர்கள்.

ஆலந்தூர் கோப்பைத் தூசி தட்டி எடுங்கள். ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் நகராட்சி தன் பணத்தில் கட்டவில்லை. கட்டியவரே காசு போட்டு, பல வருஷம் ஓட்டி, சுத்திகரித்த அளவுக்குக் கூலி வாங்கிக்கொண்டு பிறகு ஒப்படைக்கும் ஏற்பாடு. (குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் கேட்பார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கவும்.) கங்கைத் திட்டத்திலும் 2017 முதல் ஒரு முறை நடக்கிறது: கட்டும்போது 40 சதவீதம், மீதி 60 சதவீதம் 15 வருஷத் தவணையில், நிலையம் ஒழுங்காக ஓடினால்.

தனியார் போடும் பணத்துக்கு வட்டி கூடுதல்தான், தெரியும். நின்றுபோன நிலையத்துக்குக் கட்டும் மலிவு வட்டியைவிட அது எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆகவே, சொத்துப் பத்திரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்த பிறகு பணம் வாங்கும் ஆள் ஒருவரை அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சூளைக்காரன்.

நகல்: மாற்றுரைத்த பிள்ளையார், திருவாரூர் (ஒப்பந்தப் புள்ளிகளின் தரப் பரிசோதனைக்காக).