கடைசியோ கடைசி

1976 மாடல் காடிலாக் எல்டொராடோ கன்வெர்டிபிள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தால், அது வெயில் மழை பார்த்ததில்லை என்று உரிமையாளர் பெருமையாகச் சொல்வார். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கவென்றே செய்த வண்டி. இத்தனை வருடமும் ஷெட் கூரைக்கு அடியிலேயே கிடந்தது. அதற்குத்தான் கூடுதல் விலை!

அமெரிக்காவின் கடைசி கன்வெர்டிபிள் இதுதான் என்று அன்று காடிலாக் தண்டோரா போட்டது. சுமார் 14,000 வண்டிகள். கடைசி 200-ஐ மட்டும் வெள்ளை வெளேரென்று செய்து, தேசத்தின் 200-வது பிறந்தநாளை முன்னிட்டுச் சிவப்பும் நீலமுமாகக் கோடு இழுத்தார்கள். கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. ஓட்டவா? சேச்சே, பூட்டி வைக்க.

18 அடிக்கு மேல் நீளம். 8.2 லிட்டர் எஞ்சின். அதிலிருந்து வருவதோ 190 குதிரைசக்தி. (மீதிக் குதிரைகள் எங்கே மேய்கின்றன என்று கேட்பது மரியாதை இல்லை.)

1984 மாடலாக அதே எல்டொராடோ கன்வெர்டிபிளை காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி இறக்கியது. பூட்டி வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பாவம், கட்சித் தலைவர்களின் ‘இதுவே என் கடைசித் தேர்தல்’ எல்லாம் அவர்கள் கேட்டதில்லை போலும்.

இன்று வாங்குகிறவர் பெயின்ட்டின் பளபளப்பில் சொக்கிப்போகாமல் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் டேங்கையும் குனிந்து பார்ப்பது நல்லது. அவை ஓடித் தேயவில்லைதான், நின்றே மக்கியிருக்கும்.